பெட்டியை மூடிவிட்டு உள்ளே எழுதினால் என்ன? சீன எழுத்தும் ஸ்ட்ரோக் ஆர்டரும்

கோவைக் கற்றுக்குட்டி

வணக்கம். எட்டு மாதமாகச் சீனம் படிக்கிறேன். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம், ஞாயிறன்று இணைய வழி வகுப்பு. பார்த்தால் தெரிகிற எழுத்துகள் முந்நூறு தேறும். எழுதுவதை மட்டும் நானாகவே பழகிக்கொண்டேன். அச்சில் இருப்பதைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரிதான்.

போன வாரம் ஆசிரியை கேமராவைக் கைப்பக்கம் திருப்பி வைத்து எழுதச் சொன்னார். 'நாடு' என்ற பொருளில் வரும் குவோ எழுதினேன். வெளியே பெட்டி, உள்ளே ஜேடு கல்லைக் குறிக்கும் யூ. பெட்டியை நாலு பக்கமும் போட்டு முடித்துவிட்டு உள்ளே போனேன். "நிறுத்துங்கள்" என்றார். அடுத்து 'நெருப்பு', அதாவது ஹுவோ. நடுவில் ஆளை எழுதிவிட்டு இரண்டு பக்கமும் பொறி வைத்தேன். அதற்கும் "நிறுத்துங்கள்". ஆனால் 'தண்ணீர்' எழுதும்போது நடுக்கோட்டைத்தான் முதலில் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான்!

முடிந்த எழுத்தைப் பார்த்தால் என் வழியில் எழுதியதும் அவர் வழியில் எழுதியதும் ஒரே மாதிரி இருக்கிறது. எந்த வழியாகப் போனேன் என்று யாருக்குத் தெரியப்போகிறது? எந்தக் கோட்டுக்குப் பிறகு எந்தக் கோடு என்ற இந்த வரிசைக்கு (ஸ்ட்ரோக் ஆர்டர்) உண்மையிலேயே ஏதாவது காரணம் உண்டா, இல்லை வெறும் பள்ளிக்கூடக் கண்டிப்பா?

பி.கு.: இந்தக் களத்தில் சீன எழுத்தை ஒட்டினால் வெறும் கட்டமாகத்தான் தெரிகிறது. எதை ஒட்டினாலும் 'வாய்' என்ற எழுத்தாகிவிடுவதால் வார்த்தையிலேயே விவரித்திருக்கிறேன்.

யிவூ சரக்கு

வெறும் கண்டிப்புதான். யிவூவில் ஆறு வருடமாக வியாபாரம் செய்கிறேன். பேசுவேன், படிப்பேன், போனில் பின்யினில், அதாவது சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில், தட்டுவேன். கையால் எழுதச் சொன்னால் என் பெயர், கடை முகவரி, ஒன்றிலிருந்து பத்து வரை. அவ்வளவுதான், இதுவரை எந்த லோடும் நிற்கவில்லை.

சீனர்களுக்கே கை மறந்துகொண்டிருக்கிறது. அதற்கென்று 'தி பி வாங் ஸி' என்று ஒரு சொலவடையே வைத்திருக்கிறார்கள். பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று அர்த்தம். எட்டு மாதத்தில் முந்நூறு எழுத்து நல்ல வேகம். எழுதுகிற நேரத்தில் இன்னும் முந்நூறு படியுங்கள் தம்பி.

முத்துநதி

நான் குவாங்சோவில் படிக்க வந்து இங்கேயே வேலையில் தங்கிவிட்டவன். அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கற்றுக்குட்டியின் கேள்வி.

பெட்டி விஷயத்துக்கு இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரே வரி: முதலில் வீட்டுக்குள் போ, அப்புறம் கதவைச் சாத்து. குவோவில் இடச்சுவர், அப்புறம் கூரையும் வலச்சுவரும் ஒரே இழுப்பில். பிறகு உள்ளே யூ, ஐந்து கோடு. கடைசியாக அடிக்கோடு. மொத்தம் எட்டு. நீங்கள் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகச் சாமான் இறக்கியிருக்கிறீர்கள். அதனால்தான் பெரும்பாலும் உள்ளே இருப்பது நசுங்கும், இல்லையென்றால் பெட்டி பெருத்துவிடும். முடிந்த எழுத்தில் வழி தெரியாது என்கிறீர்களே, தெரியும். உங்கள் தாளை இன்னொரு முறை பாருங்கள்.

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். படுக்கைக்கோடும் குத்துக்கோடும் வெட்டிக்கொண்டால் படுக்கை முதலில், பத்தைக் குறிக்கும் ஷி போல. இடப்பக்கம் சாய்வது முதலில், வலப்பக்கம் சாய்வது பிறகு, ஆளைக் குறிக்கும் ரென் போல. எழுத்து முழுவதையும் ஊடுருவிப் போகும் குத்துக்கோடு கடைசியில், நடுவைக் குறிக்கும் ஜோங் போல.

இப்போது நெருப்பும் தண்ணீரும். 'நடு முதலில், பக்கம் பிறகு' என்ற விதியை நடுவில் குத்துக்கோடு தூணாக நிற்கும் எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மலை, சிறியது என்ற மூன்றும் அப்படி. தூணை நட்டால்தான் இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் என்று கைக்குத் தெரியும். நெருப்பில் நடுவில் நிற்பது தூண் இல்லை, கால் விரித்த ஆள். அங்கே இடப் பொறி, வலப் பொறி, பிறகு ஆளின் இரண்டு கால். பொறி பறந்த பிறகுதான் ஆள் ஓடி வருகிறான் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஈப்போ அம்மா

என் மகன் இங்கே சீனப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. (தமிழ்ப்பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வேறொரு இழையில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அவன் ஒன்றாம் ஆண்டு போனபோது வீட்டுப்பாடம் பார்க்கக் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான்.

அவர்களுக்குப் பென்சில் இரண்டாம் பட்சம். முதலில் எல்லாரும் விரலை நீட்டிக் காற்றில் எழுத வேண்டும். வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே: ஹெங் என்றால் படுக்கை, ஷு என்றால் குத்து, பியே இடச்சாய்வு, நா வலச்சாய்வு, தியேன் புள்ளி. முப்பது பிள்ளைகள் ஒன்றாக "ஹெங், ஷு, பியே, நா" என்று பாடுவது வாய்ப்பாடு மாதிரியே இருக்கும். அந்த ராகத்தில்தான் மரம் என்ற எழுத்து என் மண்டையில் ஏறியது. ஹெங், ஷு, பியே, நா, முடிந்தது மரம்.

பரீட்சையில் "இந்த எழுத்தின் நான்காவது கோடு எது", "மொத்தம் எத்தனை கோடு" என்றெல்லாம் கேட்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் இது விவாதப் பொருள் இல்லை, மதிப்பெண்.

எனக்கு ஒன்று மட்டும் இன்றுவரை உதைக்கிறது. 'இது' என்பதற்கான ஜெ எழுத்தில் இடப்பக்கமும் அடியிலும் சுற்றி வரும் நடைக் குறியைக் கடைசியில் போடுகிறார்கள். ஆனால் 'எழுந்திரு' என்ற எழுத்திலும் அதே மாதிரி இடப்பக்கம் ஒரு கால் இருக்கிறது, அதை முதலில் எழுதச் சொல்கிறார்கள். இடமிருந்து வலம் என்றால் இரண்டுமே முதலில்தானே வர வேண்டும்?

முத்துநதி

நல்ல கேள்வி அக்கா. ஜெ என்ற எழுத்தில் வருவது தனியாக நிற்காத குறி. வெறும் புள்ளி, வளைவு, கீழே நீண்ட பாய். மேலே உட்காருகிறவர் உட்கார்ந்த பிறகுதான் பாயை எவ்வளவு இழுப்பது என்று தெரியும். அதனால் கடைசி. 'எழுந்திரு'வில் இருப்பது 'நட' என்ற முழு எழுத்து, தனக்கென்று உடம்பு உள்ளது. அது முதலில் நின்று, வலக்காலை நீட்டுகிறது. அடுத்தவர் அந்தக் காலின் மேல் ஏறிக்கொள்கிறார். இப்படித்தான் எனக்குச் சொன்னார்கள், இதை வைத்தே இதுவரை தப்பித்து வருகிறேன்.

டோக்கியோ வாசி

உள்ளே வரலாமா? நான் ஜப்பானில் கஞ்சி எழுதுகிறவன். சாப்பிடுகிற கஞ்சி இல்லை, ஜப்பானியர் எழுதும் சீன எழுத்துக்கு அதுதான் பெயர்.

நீங்கள் எல்லாரும் 'சரியான வரிசை' என்று பேசுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எந்த ஊரில் சரி? அரசன் என்ற எழுத்தை எடுங்கள். மூன்று படுக்கை, நடுவில் ஒரு குத்து. சீனாவில் படுக்கை, படுக்கை, குத்து, படுக்கை. இங்கே படுக்கை, குத்து, படுக்கை, படுக்கை. வயல் என்ற எழுத்தில் பெட்டிக்குள் உள்ள சிலுவையை அவர்கள் படுக்கையில் ஆரம்பிக்கிறார்கள், நாங்கள் குத்தில் ஆரம்பிக்கிறோம்.

இன்னும் வேடிக்கை வலதும் இடதும். இரண்டு எழுத்துக்கும் தலைப்பகுதி ஒன்றுதான்: ஒரு படுக்கை, அதை வெட்டி இடப்பக்கம் இறங்கும் சாய்வு. சீனாவில் இரண்டுக்குமே படுக்கை முதலில். ஜப்பானில் 'இடது' என்றால் படுக்கை முதலில், 'வலது' என்றால் சாய்வு முதலில்! பழைய வடிவத்தில் இவை எதிரெதிர்ப் பக்கம் திரும்பிய இரண்டு கைகளின் படங்கள். அந்த வேறுபாட்டை வரிசையில் மட்டும் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் வரிசையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 'பெண்' என்ற எழுத்துக்கு மூன்று கோடு. ஜப்பானிய எழுத்தாகப் பார்த்தால் முதல் கோடு 'கு' மாதிரி, இரண்டாவது 'நோ' மாதிரி, மூன்றாவது ஒன்றைக் குறிக்கும் 'இச்சி'. சேர்த்துச் சொன்னால் குனோஇச்சி. பெண் நிஞ்ஜாவுக்கு அதுதான் பெயர்! எல்லாரும் ஒரே வரிசையில் எழுதாவிட்டால் இப்படி ஒரு சொல் பிறந்திருக்குமா?

கோவைக் கற்றுக்குட்டி

குழப்பத்தைத் தீர்க்க வந்தால் இரண்டு மடங்காகத் திரும்பிப் போவேன் போலிருக்கிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு வரிசை என்றால், இது யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு என்றுதானே ஆகிறது?

யிவூ சரக்கு

அதைத்தானே நானும் சொன்னேன்.

முத்துநதி

மேசையும் உண்டு, ஆனால் மேசைக்கு முன்னால் கை உண்டு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசைப் பக்கம் முதலில். ஜப்பானில் கல்வி அமைச்சகம் 1958-இல் தொடக்கப்பள்ளி எழுத்துகள் 881-க்கு ஒரு வழிகாட்டி போட்டது. அதில் இல்லாத வேறு வரிசைகள் தவறு என்று ஆகாது என்றும் அதிலேயே சொல்லியிருந்தது. தைவானில் 1996-இல் ஒரு கையேடு வந்தது. சீனாவில் 1997-இல் 7000 எழுத்துகளுக்கு வரிசையை நிர்ணயித்தார்கள். பிறகு 8105 எழுத்துகளுக்கான புதிய நிர்ணயம் 2020-இல் வெளியாகி 2021 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆக 'ஒரே சரி' என்பது உண்மையில் மிகவும் இளசு. பள்ளிக்கும் அகராதிக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது, எடுத்தார்கள்.

இனி கை. நீங்கள் அச்சில் பார்ப்பது கோடு கோடாகப் பிரிந்து நிற்கும் வடிவம். வேகமாக எழுதும்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. பேனா தாளைவிட்டு முழுதாக எழும்புவதில்லை, ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு மெல்லிய வால் ஓடும். அதுதான் ஷிங்ஷு, ஓடுகிற எழுத்து. வால் எங்கிருந்து எங்கே ஓடும் என்பதை வரிசைதான் தீர்மானிக்கிறது. வரிசையை மாற்றினால் வால் வேறு இடத்தில் ஓடும், படிப்பவருக்கு வேறு எழுத்தாகவோ கிறுக்கலாகவோ தெரியும்.

டோக்கியோ வாசி சொன்ன அரசனை எடுங்கள். இங்கே சீனாவிலேயே ஓடுகிற எழுத்து சொல்லித்தரும் ஆசிரியர்கள் படுக்கை, குத்து, படுக்கை, படுக்கை என்றுதான் எழுதுகிறார்கள், ஜப்பானிய வரிசையில்! கடைசி இரண்டு படுக்கையும் ஒரே நெளிவில் வந்துவிடுவதால் கைக்கு அது சுலபம். ஜப்பான் அந்தப் பழக்கத்தைப் பாடப்புத்தகத்திலும் வைத்துக்கொண்டது. சீனா நிதானமாக எழுதும் வடிவத்தின் வரிசையைப் பாடப்புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டது. இரண்டுமே கையிலிருந்து வந்தவை.

இன்னொன்று. இன்றைய எளிய எழுத்துகளில் பல, பழைய எழுத்தை வேகமாக எழுதியபோது விழுந்த வடிவங்கள். வண்டி என்ற எழுத்துக்குப் பழைய வடிவில் ஏழு கோடு, எளிய வடிவில் நாலு. புத்தகம் என்பதற்குப் பத்து இருந்தது, அதுவும் இப்போது நாலு. யாரும் உட்கார்ந்து புதிதாகப் படம் போடவில்லை. கை ஓடிய தடத்தையே எழுத்தாக்கிவிட்டார்கள். வரிசை தெரியாமல் அந்த வடிவத்தைப் பார்த்தால் ஏதோ முறுக்கின கம்பி மாதிரி இருக்கும்.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, பூங்காவில் புரிந்தது. இங்கே காலையில் பெரியவர்கள் நீளக் குச்சியில் பஞ்சுத் தூரிகை மாட்டி, தண்ணீரைத் தொட்டுத் தரைக்கல்லில் எழுதுவார்கள். ஒருவர் 'என்றென்றும்' என்று பொருள்படும் யோங் எழுதினார். தூரிகை பழகுகிறவர்கள் முதலில் பயிலும் எழுத்து அது. ஐந்தே கோடு, ஆனால் அடிப்படை இழுப்புகள் எட்டும் அதற்குள் இருப்பதாகச் சொல்வார்கள். வெயில் ஏற ஏற எழுத்து காய ஆரம்பித்தது. முதலில் போட்ட புள்ளி முதலில் மறைந்தது, அப்புறம் தூண், அப்புறம் இடப்பக்கம், கடைசியில் வலச்சாய்வின் பாதம். எழுதிய வரிசையிலேயே அழிந்தது. அன்றைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஈப்போ அம்மா

முத்துநதி, இதை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது வாசல் தரை முழுக்கத் தண்ணீர்.

இடக்கைக்காரி

நடுவில் ஒரு சந்தேகம். நான் இடக்கை. படுக்கைக்கோட்டை இடமிருந்து வலம் இழுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு அது இழுப்பது, எனக்குத் தள்ளுவது. வலமிருந்து இடம் இழுத்தால் எனக்குக் கோடு நேராக வருகிறது. திசையை மாற்றிக்கொள்ளலாமா?

முத்துநதி

மாற்ற வேண்டாம் என்பேன். வேகம் வந்த பிறகு வால் தலைகீழாக ஓடும். தாளைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து, கையைக் கோட்டுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். என்னுடன் வேலை பார்க்கும் சீனப் பெண்ணும் இடக்கைதான். அவரும் எல்லாரும் எழுதும் வரிசையில், எல்லாரும் போகும் திசையில்தான் எழுதுகிறார். தூரிகை வகுப்பில் மட்டும் வலக்கைக்கு மாற்றிவிட்டார்களாம்.

யிவூ சரக்கு

சரி, ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். முத்துநதி அந்த வால் கதையைச் சொன்னதும் மனசு உறுத்தியது.

லோடு நிற்கவில்லை என்று மேலே எழுதினேன் இல்லையா? ஒரு தடவை நின்றது. கிடங்கில் அட்டைப்பெட்டிகளின் மேல் மார்க்கரால் எழுதி வைத்திருந்தார்கள். அச்சில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக்கூடிய எழுத்துகள்தான். மார்க்கரில் ஒன்றும் விளங்கவில்லை. போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கப் பார்த்தேன், அது வாய்க்கு வந்ததைச் சொன்னது. கடைசியில் சுமை தூக்கும் பையன் ஒருவன் என் உள்ளங்கையில் விரலால் மெதுவாக எழுதிக் காட்டினான். அப்படி எழுதும்போது அவன் விரல் போன வழியைப் பார்த்துத்தான் 'ஓ, இதுவா' என்று புரிந்தது. 'கிழக்குக் கிடங்கு' என்று இருந்தது. நான் மேற்கில் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஆயிரக்கணக்கில் எழுதிப் பழகச் சொன்னால் நான் ஓடிவிடுவேன்.

முத்துநதி

அண்ணே, அந்த உள்ளங்கைதான் என் மீதிப் பாதி. இங்கே ஒருவர் சொல்வது அடுத்தவருக்குப் புரியாவிட்டால் கையில் எழுதிக் காட்டுவது சாதாரணம். மை கிடையாது, தடம் கிடையாது. விரல் போகும் வரிசை மட்டும்தான் எழுத்து. பின்யின் வராத வயதானவர்கள் சிலர் போனில் கோட்டு விசையைத் தட்டுவார்கள். படுக்கை, குத்து, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு என்று ஐந்தே விசை. வலச்சாய்வு புள்ளிக் கணக்கில் போகும். அதில் வரிசை தப்பினால் எழுத்து வராது.

ஆயிரக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. எச்எஸ்கே என்ற சீன மொழித் தகுதித் தேர்வுக்கான 2021 தரநிலையிலேயே படிக்கத் தெரிய வேண்டியவை 3000 எழுத்து, கையால் எழுத வேண்டியவை 1200. தொடக்க நிலைக்கு 300 போதும்.

கோவைக் கற்றுக்குட்டி

முந்நூறு என்றால் எனக்குத் தெரிந்த முந்நூறையே திரும்ப எழுதினால் போதும் போலிருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது? ஒவ்வொன்றையும் நூறு முறையா?

ஈப்போ அம்மா

நூறு முறை வேண்டவே வேண்டாம். நான் செய்து பார்த்தவள். பத்தாவது முறைக்கு மேல் கை எழுதும், மூளை சீரியலுக்குப் போய்விடும். மூன்று முறை பார்த்து எழுதுங்கள், நாலாவது முறை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். அடுத்த நாள் பார்க்காமல் ஒரு முறை. மகன் பள்ளியில் திங்ஷியே என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதும் இதுதான்.

கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிலுவைக் கோடு இருக்கும். வயல் எழுத்து மாதிரி இருப்பதால் அதற்குத் தியேன்ஸிகெ, 'வயல் கட்டம்' என்று பெயர்.

முத்துநதி

கோடு கோடாக மனப்பாடம் செய்யாதீர்கள், துண்டு துண்டாகப் பிடியுங்கள். 'நினை' என்பதற்கான ஷியாங்கில் பதின்மூன்று கோடு. எண்ணினால் பயமாக இருக்கும். ஆனால் அது மரம், கண், இதயம். மரம் இடப்பக்கம் மேலே, கண் வலப்பக்கம், இதயம் அடியில். மூன்று துண்டும் தனித்தனியாகக் கையில் இருந்தால் புதிதாகக் கற்க ஒன்றுமே இல்லை.

விதியில் அடங்காத சிலதுகளை மட்டும் தனியாக எழுதி ஒட்டி வையுங்கள். என் சுவரில் முதலில் இருந்தவை வலிமை, கத்தி, ஒன்பது. மூன்றிலும் ஒரு கொக்கி, ஒரு இடச்சாய்வு. வலிமைக்கும் கத்திக்கும் கொக்கி முதலில், ஒன்பதுக்குச் சாய்வு முதலில். அடுத்தது கதவு. எளிய வடிவில் மேல் இடது மூலையில் உள்ள புள்ளிதான் முதல் கோடு. பெரும்பாலானவர்கள் சுவரை எழுப்பிவிட்டுப் புள்ளி வைக்கிறார்கள், சீனர்கள் உட்பட. என் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன், ஆறு பேரில் நாலு பேர் தப்பு.

சந்தேகம் வந்தால் ப்ளெகோ அகராதியில் கோடு கோடாக ஓட்டிக் காட்டும் வசதி உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே போகாமல், முதலில் ஊகித்து எழுதிவிட்டு அப்புறம் பாருங்கள். தப்பாக ஊகித்ததுதான் நிற்கும்.

டோக்கியோ வாசி

என் பங்குக்கு: ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சீனச் செயலியில் வயலும் ஜப்பானியப் புத்தகத்தில் அரசனும் படித்து இரண்டும்கெட்டான் ஆனவன். இப்போது வயல் எழுதும்போது கை ஒரு நொடி நின்று யோசிக்கிறது.

கோவைக் கற்றுக்குட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நோட்டு வாங்கினேன், பாதி தீர்ந்தது. குவோ இப்போது கட்டத்துக்குள் நிற்கிறது. பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், முத்துநதி அண்ணா சொன்னது சரி, உள்ளே இருந்தவர் மூச்சு முட்டித்தான் கிடந்தார். நெருப்பும் வந்துவிட்டது. ஆசிரியை நேற்று ஒருமுறைகூட "நிறுத்துங்கள்" சொல்லவில்லை.

புதுப் பிரச்சினை. 'துருத்திக்கொண்டிருப்பது' என்ற எழுத்தும் 'குழிந்திருப்பது' என்ற எழுத்தும். ஒன்று படிக்கட்டு மேடை மாதிரி, இன்னொன்று நடுவில் கடித்து எடுத்த பிஸ்கட் மாதிரி. வெறும் ஓரக்கோடுதான், உள்ளே ஒன்றுமில்லை. எங்கே ஆரம்பிப்பது, எத்தனை கோடு? நான் எண்ணினால் எட்டு வருகிறது.

ஈப்போ அம்மா

மகனிடம் கேட்டேன். இரண்டுக்குமே ஐந்துதானாம். மேடைக்கு: இடக்கீழ்ச் சுவர், இடத்தோள், அங்கிருந்து மேலே நிற்கும் சுவர். பிறகு உச்சியில் ஆரம்பித்து இறங்கி, வலத்தோளில் திரும்பி, மறுபடி கீழே தரைவரை ஒரே இழுப்பு. கடைசியில் அடி. மூன்று மடிப்பு இருந்தாலும் பேனா எழும்பாததால் அது ஒரு கோடுதான். பிஸ்கட்டுக்கும் இப்படித்தான், இடச்சுவரில் ஆரம்பித்து அடிக்கோட்டில் முடியும் என்கிறான்.

யிவூ சரக்கு

நான் இப்போதுதான் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தேன். பிஸ்கட்டுக்கு ஏழு வருகிறது. பையனைக் கூப்பிடுங்கள்.